காரைக்குடி கடல் தொட்டிக் கடை: அனிமோனை நம்பி வாங்கலாம்

செக்காலை ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கிறது கடை. முன்பக்கம் கோல்டுபிஷ், தீவனப் பாக்கெட், கூழாங்கல் என்று எல்லா மீன் கடையையும் போலத்தான். உள்ளறைக்குப் போனால் உப்புத் தண்ணீர்த் தொட்டிகள். தேவகோட்டையில் பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுக்கிறேன். நோய்த்தடுப்புப் பாடம் நடத்தும்போது பிள்ளைகளுக்கு பூப்போலத் தெரியும் கடல் விலங்கான கடல் சாமந்தியை உயிரோடு காட்ட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அதற்காகத்தான் அதில் ஒரு வகையான பபிள் டிப் அனிமோன் கேட்டுப் போனேன்.

கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிடவில்லை. இருந்தது ஒன்று, அதுவும் அப்போதுதான் தானாகவே இரண்டாகப் பிரிந்திருந்தது. "அடிப்பக்கம் பாருங்க டீச்சர், காயம் இன்னும் மூடலை. வாய் இறுகி, கால் நல்லாப் பிடிச்ச பிறகு கூப்பிடுறேன், வந்து வாங்கிக்கங்க" என்றார் கடைக்காரத் தம்பி. பணத்தோடு நிற்பவரைத் திருப்பி அனுப்பிய அந்தப் பொறுப்புக்காகவே இதை எழுதுகிறேன்.

ஏனென்றால் அந்தக் காயம்தான் பாக்டீரியாவுக்கு வாசல். கடல் சாமந்திக்கு ரத்தம் கிடையாது, நிணநீர்க் கணு கிடையாது, ஆன்டிபாடியும் கிடையாது. உடம்பே இரண்டு செல் அடுக்கும் நடுவில் கூழ் போன்ற மீசோகிளியாவும்தான். மேலே இருக்கும் சளிப் படலம் கிருமிகளைப் பிடித்து வெளியே தள்ளும். அதையும் தாண்டி உள்ளே வந்தால் விழுங்கும் செல்களின் வேலை. மயாமி, பென்-குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெமாடோஸ்டெல்லா என்ற சிறிய கடல் சாமந்தியின் செல்களையும் ஒரு பவளத்தின் செல்களையும் பிரித்தெடுத்து, பாக்டீரியாவோடு கலந்து பார்த்து 2021-இல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு மூன்று செல் அளவுக்குத்தான் இந்தக் காவல் படை. பாக்டீரியாவை அப்படியே விழுங்கி, அமிலம் நிறைந்த பைக்குள் அடைத்துச் செரித்துவிடுகின்றன. 1882-இல் மெட்ச்னிகாஃப் என்ற விலங்கியலாளர் நட்சத்திர மீனின் இளம் உயிரியில் ரோஜா முள்ளைக் குத்தியபோது முள்ளைச் சூழ்ந்து நின்றவையும் இந்த ரகம்தான்.

எனக்கு அதைவிட வியப்பு வேறொன்று. கிருமியை மோப்பம் பிடிக்கும் டோல் வகை உணரிகள் மனிதருக்கு 10. நெமாடோஸ்டெல்லாவுக்கு ஒன்றே ஒன்று! பவளத்தைக் கொல்லும் விப்ரியோ பாக்டீரியாவை அந்த ஒற்றை உணரி அடையாளம் காண்கிறது என்று 2017-இல் காட்டினார்கள். இதைச் சொல்லும்போது கடைசி பெஞ்சு வரை நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இப்படிக் கொஞ்சம் செல்களை வைத்துக்கொண்டு காயத்தை ஆற்றிக்கொண்டிருக்கும் உயிரைப் பையில் கட்டி, பஸ்ஸில் குலுக்கி, புதுத் தண்ணீரில் விட்டால் தாங்குமா? ஆறவிட்டுக் கொடுத்தார். வந்த அன்றே கல்லைப் பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து தொட்டி வைத்துக் கொடுத்ததிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. வளவில் வெயில் இறங்கும் என்று இரண்டாங்கட்டில் இடம் பார்த்தார். ஆத்தங்குடிக் கல்லில் உப்புத் தண்ணீர் படாமல் கனமான ரப்பர் விரிப்பு போட்டார். நம் ஊர்க் கோடைக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் கடல் தொட்டி வைக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அந்தச் செலவுக்குத் தயாராக இருங்கள். போர் தண்ணீர் வேண்டாம், ஆர்.ஓ. தண்ணீரில்தான் உப்புக் கலக்க வேண்டும். வரும்போதெல்லாம் உப்பு அடர்த்தி 1.025 பக்கம் நிற்கிறதா என்று அளந்து காட்டுகிறார்.

ஒன்று மட்டும் மனசுக்கு ஒப்பவில்லை. கல்லாப்பெட்டி பக்கத்தில் 'எதிர்ப்புச் சக்தி கூட்டும்' சொட்டு மருந்து பாட்டில்கள் அடுக்கியிருக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று லேபிளில் ஒரு வரி இல்லை. வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்கு இன்னொரு வாளி உப்பு வாங்கி, தண்ணீரை ஒழுங்காக மாற்றுங்கள். தம்பியிடமும் நேரிலேயே சொல்லிவிட்டேன்; எடுத்துவிடுவார் என்று நம்புகிறேன்.

அனிமோன் எப்போதும் இருப்பு இருக்காது. கடலிலிருந்து பிடித்து வந்ததை விற்பதில்லை, தன் தொட்டியில் பிரிந்ததைத்தான் தருகிறார். போன் செய்து சொல்லி வைத்துவிட்டுப் போங்கள்.