டிஎஸ்சி டிடிபி-244 ப்ரோ லேபிள் பிரிண்டர்: சென்சாரோடு பழகினால் நல்ல மெஷின்

எங்கள் மசாலா யூனிட்டில் எம்.ஆர்.பி., பேக்கிங் தேதி, பேட்ச் எண் எல்லாம் அடிப்பது இந்த பிரிண்டர்தான். 203 டிபிஐ (அங்குலத்துக்கு 203 புள்ளி), நொடிக்கு 5 அங்குல வேகம், 300 மீட்டர் மை ரிப்பன் மாட்டலாம். இதையெல்லாம் விற்கிறவர்களே சொல்லிவிடுவார்கள். சென்சார் காலிபரேஷனை, அதாவது லேபிள் எங்கே தொடங்குகிறது என்று பிரிண்டருக்குப் பழக்குவதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் எந்த லேபிள் பிரிண்டராக இருந்தாலும் "ஒண்ணு விட்டு ஒண்ணு காலியா வருது", "பாதி எழுத்து அடுத்த லேபிள்ல விழுது" என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

ரோல் போகும் பாதையில் இரண்டு சென்சார் இருக்கிறது. கேப் சென்சார் ஒரு பக்கம் அகச்சிவப்பு ஒளியை விட்டு, தாளைத் தாண்டி மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று பார்க்கும். லேபிள் ஒட்டியிருக்கும் இடத்தில் குறைவாக வரும், வெறும் அடித்தாள் மட்டும் இருக்கும் இடைவெளியில் அதிகமாக வரும். காலிபரேஷனில் பிரிண்டர் சில லேபிள்களை ஓட்டி இரண்டையும் அளந்து, நடுவில் ஒரு எல்லையை வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் வேறு கடையில் வாங்கிய, அடித்தாள் கொஞ்சம் தடிமனான ரோலை மாட்டியதும், அதே 50க்கு 25 மி.மீ. அளவுதானே என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, பிரிண்டர் தடுமாறுகிறது. அளவு அதேதான், ஒளி அதே இல்லை.

இன்னொன்று பிளாக் மார்க் சென்சார். அடித்தாளின் பின்னால் அச்சடித்த கருப்புப் பட்டையில் ஒளி திரும்பி வராததை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கும். கண்ணாடி மாதிரி தெரியும் டிரான்ஸ்பரன்ட் லேபிள் வாங்குகிறவர்கள் பட்டை போட்ட ரோலாகவே கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் லேபிளுக்கும் இடைவெளிக்கும் அதில் ஒளி வித்தியாசம் மிகக் குறைவு, கேப் சென்சாரை நம்ப முடியாது. இந்த சென்சாரை இடம் வலமாக நகர்த்தலாம், பட்டைக்கு நேராக வைத்துவிட்டு அப்புறம் காலிபரேட் செய்ய வேண்டும்.

செய்முறை சுலபம்தான், ஆனால் இருப்பது ஒரே பட்டன், ஒரே லைட். மூடியை மூடி, ஸ்விட்சை ஆஃப் செய்து, ஃபீட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆன் செய்தால் லைட் நிறம் மாறிக்கொண்டே போகும். சிவப்பில் சிமிட்டும்போது விரலை எடுத்தால் காலிபரேஷன். அதைத் தாண்டி ஆரஞ்சில் எடுத்தால் காலிபரேஷனோடு செல்ஃப் டெஸ்ட்டும் அடித்துவிட்டு, வரும் கட்டளையை அப்படியே தாளில் அடிக்கும் டம்ப் மோடுக்குப் போய்விடும் (பயப்பட வேண்டாம், ஆஃப் செய்து ஆன் செய்தால் போதும்). பச்சை சிமிட்டும் வரை பிடித்திருந்தால் செட்டிங்ஸ் மொத்தமும் அழிந்து புது மெஷின் மாதிரி ஆகிவிடும். இதற்கு ஒரு பட்டன் கூடுதலாக வைத்திருக்கலாம் என்பது என் கருத்து.

இதையெல்லாம் செய்தும் சரியாகவில்லையா, கம்ப்யூட்டரைப் பாருங்கள். டிரைவரில் லேபிள் உயரமோ இடைவெளியோ தப்பாக இருந்தாலும், "கன்டினியூவஸ்" (இடைவெளியே இல்லாத தொடர் தாள்) என்று இருந்தாலும், ஒவ்வொரு பிரிண்டிலும் அந்தத் தப்பான அளவுதான் மெஷினுக்குப் போகும். காலிபரேஷன் செய்ததெல்லாம் வீண்.

ஒருமுறை சர்வீஸுக்கு வந்தவர் பார்த்த உடனே "ஹெட் போச்சு சார், மாத்தணும்" என்றார் (எழுத்தை அடிக்கும் பாகம்தான் ஹெட்). எழுத்து தெளிவாகத்தான் விழுந்தது, இடம்தான் தள்ளிப்போனது, அதற்கும் ஹெட்டுக்கும் என்ன சம்பந்தம்? அவரை அனுப்பிவிட்டு, சென்சார் மேல் படிந்திருந்த காகிதத் தூளையும் பசையையும் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு காலிபரேட் செய்தோம், சரியாகிவிட்டது. மசாலாத் தூள் பறக்கும் இடத்தில் ரோல் மாற்றும்போதெல்லாம் துடைப்பது நல்லது.

ஒன்றிரண்டு அளவு லேபிள் மட்டும் ஓட்டுகிற கடைக்கும் சின்ன யூனிட்டுக்கும் தாராளமாக வாங்கலாம். நாளுக்கு நான்கு விதமான ரோல் மாற்றுகிறவர்கள் கொஞ்சம் கூடப் பணம் போட்டு, திரையில் மெனு வருகிற மாடலாகப் பாருங்கள்.