கூவத்துக்குப் போற வாய்க்கால்: மெஷினா, கல்வாழையா?

திருவேற்காடு பக்கம் எங்க அபார்ட்மெண்ட், 60 வீடு. பின்னாடி ஓடுற வாய்க்கால் நேரா கூவத்துல போய் விழுது, எங்க தெருவுக்குப் பாதாள சாக்கடை இன்னும் வரல. ஊர்ல எல்லாரும் கூவத்தைத் திட்டுறோம், அதுல பாதி நம்ம வீட்டுக் குழாயில இருந்துதான் போகுதுன்னு ஒருநாள் மீட்டிங்ல பேச்சு வந்து, ரெண்டு வழி பார்த்தோம்: காத்து ஊதுற ப்ளோயர் வெச்ச சின்ன எஸ்டிபி, அதாவது சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்ற மெஷின், இல்லன்னா செடிப்படுகை, அதாவது செடி நட்ட ஜல்லி வழியா அதே தண்ணியை விட்டுச் சுத்தம் பண்றது. நாங்க போட்டது செடிதான், அதனால சார்பு இருக்கும், பார்த்துக்கோங்க.

மெஷினுக்கு இடம் கம்மி, ரெண்டு கார் நிறுத்துற மூலை போதும். செடிக்கு ஆளுக்கு ஒரு சதுர மீட்டராவது வேணும், எங்களுக்கு மூணு பேட்மின்டன் கோர்ட் அளவு போச்சு. இடம் இல்லாதவங்க இதோட நிறுத்திக்கலாம்.

ஆனா விஷயமே பராமரிப்புலதான் இருக்கு. எஸ்டிபில அழுக்கைத் தின்னுற கிருமிக்கு 24 மணி நேரமும் காத்து போயிட்டே இருக்கணும். தெரிஞ்சவங்க குடியிருப்புல முதல் வருஷம் ஜோரா ஓடிச்சு, அப்புறம் கரண்ட் பில்லைப் பார்த்துட்டு ராத்திரி மட்டும் ஆஃப் பண்ணலாமேன்னு யாரோ சொன்னாங்க, பண்ணாங்க, கிருமி செத்துச்சு, நாத்தம் வந்துச்சு, ஆபரேட்டரும் வேலையை விட்டுட்டாரு, இப்ப கறுப்புத் தண்ணி பழையபடி வாய்க்கால்லயே போகுது, செக்கிங் வர்ற அன்னிக்கு மட்டும் மோட்டார் சத்தம் கேக்கும். எங்களோடதுல தண்ணி மேட்டுல இருந்து தானா இறங்குது, முதல்ல தொட்டியில கசடு தங்கும், அப்புறம் கல்வாழையும் சம்பும் நட்ட ஜல்லிப் படுகை. கரண்ட் கிடையாது. செடி வெட்டுறது, ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை லாரி வெச்சு கசடு எடுக்கிறது, அவ்ளோதான், தோட்டக்காரரே பார்த்துக்கிறாரு. புதுச்சேரி தவளக்குப்பத்துல அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில இதே மாதிரி ஏற்பாடு பல வருஷமா ஓடுது, எங்களுக்குத் தைரியம் வந்ததே அதைக் கேள்விப்பட்டுதான்.

குறையும் உண்டு. வெளிய வர்ற தண்ணியில அம்மோனியா நினைச்ச அளவு குறையல. ஒரே ஒரு மழைக்காலம்தான் தாண்டியிருக்கு, 2015 மாதிரி வெள்ளம் வந்தா ஜல்லி நிக்குமான்னு என்னால அடிச்சு சொல்ல முடியாது.

மொத்த கூவத்துக்கும் இது ஆகுமான்னா ஆகாது, சிந்தாதிரிப்பேட்டையில ஜல்லி கொட்ட எங்க போறது? அங்கெல்லாம் குழாய் போட்டு கோயம்பேட்டுல இருக்கிற மாதிரி பெரிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டு போறதுதான் வழி. அங்க ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர் வரைக்கும் நல்லா சுத்தம் பண்ணி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளுக்கு விக்கிற ஏற்பாடு இருக்கு, பராமரிப்புக்குக் காசு வர வழி இருக்குன்னா அது வேற கதை. ஆனா வித்த தண்ணி ஆத்துக்குத் திரும்பாதே! மழை இல்லாத மாசத்துல கூவத்துல ஓடுறதே பெரும்பாலும் சாக்கடைதான், அதையும் எடுத்துட்டா மிச்சம் வெறும் சேறு. அதான் மேல இருக்கிற ஊர்கள்ல, காலி மனை இன்னும் இருக்கும்போதே, படுகை போட்டு அங்கங்க ஆத்துலயே விடணும்ங்கிறேன்.

எங்க படுகையில தண்ணி நுழையிற வாய்க்கிட்ட இருக்கிற ஜல்லி அடைச்சுக்க ஆரம்பிச்சிருக்கு, கோடையில எடுத்துக் கழுவணும்னு தோட்டக்காரர் சொல்லிட்டாரு. ரெண்டு நாள் கூலி ஆகும்னாரு.