வாரண்ட்டுடன் ஒரு சோதனை, வாரண்ட் இல்லாமல் ஒரு சோதனை
திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டும் போலீசாரிடம் சோதனை வாரண்ட் இருந்தால், அவர்கள் உள்ளே நுழையும் முன்பே ஒரு நீதிமன்றம் காரணத்தைப் பரிசீலித்துவிட்டது என்று பொருள். வாரண்ட் இல்லாதபோது அந்த முடிவை விசாரணை அதிகாரியே எடுக்கிறார். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 185ஆம் பிரிவின்படி, வாரண்ட் பெறக் காத்திருக்க முடியாது என்று நம்புவதற்கான காரணங்களையும், இயன்றவரை தேடும் பொருளையும் வழக்கு நாட்குறிப்பில் எழுதிவைத்து, 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்கு நகல் அனுப்ப வேண்டும். அக்கம்பக்கத்துச் சாட்சிகள், பொருள் பட்டியல், வீடியோ பதிவு ஆகியவை இரண்டுக்கும் பொது. 2017இல் புட்டசாமி வழக்கில் அந்தரங்க உரிமையை உயிரையும் தனிநபர் சுதந்திரத்தையும் காக்கும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவுக்குள் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆனால் முறைதவறிய சோதனையில் சிக்கிய சாட்சியம் அதனாலேயே தள்ளப்படுவதில்லை என்ற உச்ச நீதிமன்றத்தின் 1973ஆம் ஆண்டு பூரண் மல் தீர்ப்பை எண்ணும்போது, முன்கூட்டியே நடக்கும் பரிசீலனையைத்தான் நான் பெரிதும் நம்புகிறேன்.