தடுப்புப் பெப்டைடா, எஸ்ஐஆர்என்ஏவா?

நாகர்கோவில், தக்கலை பக்கத்துக் கல்லூரி ஆய்வகத்தில் அடாம்டிஎஸ்-2 (ADAMTS-2) நொதியைப் பிடிக்கும் ஆன்டிபாடியோடு வேலை தொடங்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த ஆன்டிபாடி சரியான புரதத்தைத்தான் பிடிக்கிறதா என்று சோதிக்க, தலைப்பிலுள்ள இரண்டு வழிகளில் எது நல்லது என்பதே கேள்வி. கொலாஜனின் முன்வடிவமான புரோகொலாஜனின் என்-முனைத் துண்டை வெட்டி நீக்கும் நொதிதான் அடாம்டிஎஸ்-2. பிறவியிலேயே அது பழுதானால் தோல் எளிதில் கிழியும்.

தடுப்புப் பெப்டைடு கைக்கு அடக்கமான வழி. ஆன்டிபாடியை அதன் இலக்குப் பெப்டைடோடு (அது பிடிக்கும் சிறு புரதத் துண்டு) முன்கூட்டியே கலந்து ஊறவைத்து, பிறகு வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை அளவுப்படி பிரித்துச் சவ்வில் பட்டைகளாகக் காட்டும் சோதனை) ஊற்றுகிறோம். ஒரே சவ்வை இரண்டாக வெட்டி, ஒரு பாதிக்குப் பெப்டைடு சேர்த்தது, மறுபாதிக்குச் சேர்க்காதது. படம் எடுக்கும் நேரம் இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பட்டை மறைந்தால் நல்ல அறிகுறிதான். ஆனால் பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: ஆன்டிபாடி வேறொரு புரதத்தைத் தவறாகப் பிடித்திருந்தாலும் அந்தப் பட்டையும் சேர்ந்தே மறையும். இலக்கு எது என்று பெப்டைடு சொல்லாது.

எஸ்ஐஆர்என்ஏ (siRNA), அதாவது குறிப்பிட்ட மரபணுவின் வெளிப்பாட்டை அடக்கும் சிறு ஆர்என்ஏ, அதைச் சொல்லும். ஃபைப்ரோபிளாஸ்ட் (கொலாஜன் உருவாக்கும்) செல்லில் அடாம்டிஎஸ்-2 மரபணுவை அடக்கி 48 முதல் 72 மணி நேரம் கழித்துப் பார்த்தால், உண்மையான பட்டை மட்டும் மங்கும். இது செல்லுக்கு வெளியே சுரக்கும் நொதி என்பதால் வளர்ப்பு ஊடகத்தையும் மாற்றிவிடுங்கள். பழைய புரதம் அதில் தங்கியிருக்கும். செல் வளர்ப்பு வசதி இல்லாதவர்கள் திருவனந்தபுரம் வரை போய்க் கேட்கலாம், தூரம் அதிகமில்லை.

2016-இல் ஆன்டிபாடி சரிபார்ப்புக்குப் பன்னாட்டுக் குழு முன்வைத்த ஐந்து தூண்களில் (அடிப்படை முறைகளில்) எஸ்ஐஆர்என்ஏ போன்ற மரபணு வழி உண்டு, தடுப்புப் பெப்டைடு இல்லை. கட்டுரைக்கு எஸ்ஐஆர்என்ஏதான் என்பேன். பெப்டைடு முதல் வடிகட்டலுக்குப் போதும்.