இண்டக்‌ஷன் அடுப்பும் 501ஆவது யூனிட்டும்: எங்கள் வீட்டு ஒரு வருடக் கணக்கு

2025 ஜூன் மாதம் ஈபி பில் 2,594 ரூபாய் என்று மொபைலில் வந்தபோது, ரீடிங்கில் ஏதோ தப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்கு முந்தைய வருடம் இதே சித்திரை, வைகாசி வெயிலுக்கு, இதே ஏசிக்கு 1,545 கட்டியிருந்தேன். நடுவில் 2024 ஜூலையில் கட்டணம் ஏறியது உண்மை. அதைச் சேர்த்துப் பார்த்தாலும் 1,616க்கு மேல் போகக் கூடாது. மீட்டர் பெட்டியைத் திறந்து எண்ணைப் பார்த்தேன். தப்பெல்லாம் இல்லை. போன வருடம் 470 யூனிட், இந்த வருடம் 566.

அந்த 96 யூனிட்டும் எங்கே போனது என்று தேட வேண்டியதே இல்லை. அடுக்களை மேடையில் கருப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தது. கேஸ் செலவைக் குறைக்கிறேன் பேர்வழி என்று 2024 டிசம்பரில் நான் வாங்கி வைத்த இண்டக்‌ஷன் அடுப்பு.

எங்கள் வீடு திருநெல்வேலி டவுனில், சந்திப் பிள்ளையார் முக்குக்குப் பக்கத்தில். அம்மா, நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். ஒரு ஏசி, மூன்று ஃபேன், ஃப்ரிட்ஜ், தண்ணீர் ஏற்ற ஒரு ஹெச்பி மோட்டார். சிலிண்டர் முன்பெல்லாம் 34 நாள் வரும். தேர், தீபாவளி என்று ஆள் கூடினால் முப்பதைத் தாண்டாது.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் மச்சான், கரண்ட் கம்பெனியை மாற்றி இத்தனை டாலர் மிச்சம் பிடித்தேன் என்று போனில் சொல்லும்போதெல்லாம் பொறாமையாக இருக்கும். நமக்கு அந்த வழி கிடையாது. பணகுடி, காவல்கிணறு பக்கம் போனால் கண்ணுக்கு எட்டும்வரை காற்றாலை. கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் உலை இரண்டு ஓடுகிறது. நம் மாவட்டத்துக்காரன் என்று யூனிட்டுக்குப் பத்துப் பைசா குறைப்பார்களா என்றால், ம்ஹூம். ராதாபுரத்துக்கும் சென்னைக்கும் ஒரே விலைதான். வீட்டுக்காரர்களுக்குப் பகல் விலை, ராத்திரி விலை என்ற வித்தியாசமும் இல்லை. நம் கையில் இருப்பது ஒன்றே ஒன்று: எந்தச் சமையலைக் கேஸில் வைப்பது, எதைக் கரண்டில் வைப்பது. அதைத்தான் ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் விலை, 2025 நிலவரப்படி. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். மொத்தம் 500க்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட் 2.35, 400 வரை 4.70, 500 வரை 6.30. 2025 ஜூலையில் 3.16 சதவீதம் ஏறியபோது வீடுகளுக்கு அதை அரசே ஏற்றுக்கொண்டதால் நமக்கு இந்த விலை மாறவில்லை. 500ஐத் தாண்டினால்தான் வேடிக்கை. 501ஆவது யூனிட் 8.40 என்பது மட்டும் இல்லை. அந்த 2.35 சலுகையும் பறந்துவிடும், 101லிருந்தே 4.70 போடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 501க்கு 2,048 ரூபாய் 40 பைசா. அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய். ராத்திரி ஏசியை ஒரு மணி நேரம் முன்னால் அணைத்திருந்தால் மிச்சமாகியிருக்கக் கூடிய யூனிட் அது.

கேஸ் விலை 2023 ஆகஸ்டில் 200, 2024 மார்ச்சில் 100 என்று இறங்கி, 2025 ஏப்ரலில் 50 ஏறியது. அப்போது சென்னையில் 868.50. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். சிலிண்டர் தூக்கி வரும் தம்பிக்குக் கொடுப்பதையும் சேர்த்து நான் 900 என்று வைத்துக்கொள்கிறேன். உள்ளே 14.2 கிலோ. ஆகக் கிலோ 63 ரூபாய் சொச்சம்.

இரண்டையும் எப்படி ஒரே தராசில் நிறுத்துவது? இண்டக்‌ஷன் 85 சதவீதம், கேஸ் 60 சதவீதம் சூட்டைப் பாத்திரத்துக்குக் கொடுக்கும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அது நம் அடுப்புக்கும் நம் பாத்திரத்துக்கும் பொருந்துமா என்று பார்க்க, ஜூன் பில் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்துவிட்டேன். பயணப் பெட்டி எடை போடும் தொங்கு தராசு ஒன்று வீட்டில் இருந்தது. ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரை மாடிப்படிக் கம்பியில் தொங்கவிட்டு எடை எடுத்தேன். மூத்தவன் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டான். அப்புறம் இரண்டு லிட்டர் தண்ணீரை மூடி போட்டுக் கொதிக்கவைத்தேன். கொட்டிவிட்டு மறுபடியும் இரண்டு லிட்டர். இப்படி ஐந்து தடவை, மொத்தம் பத்து லிட்டர். திரும்ப எடை போட்டால் 110 கிராம் குறைந்திருந்தது. அதே பாத்திரம், அதே பத்து லிட்டர், இந்தத் தடவை இண்டக்‌ஷனில். பிளக்கில் மாட்டிப் பார்க்கும் சின்ன மீட்டரை எலக்ட்ரீஷியன் அண்ணாச்சியிடம் வாங்கி வந்திருந்தேன். அது சரியாக ஒரு யூனிட் காட்டியது. அடுக்களை முழுக்க ஆவி. அம்மா வாசலில் நின்று, “எய்யா, யாருக்குல வெந்நீர்? பிள்ளை பெத்தவ யாரும் வந்திருக்காளா?” என்று கேட்டாள்.

110 கிராம் கேஸ் என்றால் ஏழு ரூபாய். ஒரு யூனிட் செய்யும் வேலையைக் கேஸ் ஏழு ரூபாய்க்குச் செய்கிறது. இப்போது அந்த ஏழு ரூபாயை ஈபி விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2.35க்கு இண்டக்‌ஷன் அள்ளிக்கொண்டு போகிறது. 4.70க்கும் லாபம். 6.30க்கு ஏதோ எழுபது பைசா, இருந்தும் ஒன்றுதான் இல்லாமலும் ஒன்றுதான். 8.40க்கு நஷ்டம். “இண்டக்‌ஷன் சிக்கனமா, கேஸ் சிக்கனமா” என்று கேட்பவர்களிடம் நான் இப்போது திருப்பிக் கேட்பது, உங்கள் வீட்டில் கடைசி யூனிட் எந்த விலையில் ஓடுகிறது என்றுதான். பெரும்பாலானவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் அதுவரை தெரியாது.

எங்கள் வீட்டு எண்ணிக்கையே அதற்குச் சாட்சி. காலைச் சமையலை மட்டும் இண்டக்‌ஷனுக்கு மாற்றினோம்: சோறு, பருப்பு, பால், வெந்நீர். சிலிண்டர் 34 நாளிலிருந்து 58 நாளுக்கு நீண்டது. இரண்டு மாதத்துக்கு முக்கால் சிலிண்டர் மிச்சம், அந்த விலையில் 650 ரூபாய் பக்கம். மழைக்காலத்தில் எங்கள் வீடு 290 யூனிட் எடுக்கும். அது 386 ஆனது. கூடுதல் செலவு 451. ஆக இருநூறு ரூபாய் நமக்கு நின்றது. நான் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தது அந்த மாதங்களில்தான். கோடையில் அதே 96 யூனிட், ஏற்கெனவே 470இல் இருந்த மீட்டரின் தலையில் ஏறியபோது 978 ரூபாய் வாங்கிக்கொண்டு 650 ரூபாய் கேஸை மிச்சப்படுத்தியது. முன்னூறு ரூபாய்க்கு மேல் கைநஷ்டம்.

அடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடுப்பு 2,400 ரூபாய்தான். கூட வரும் செலவுதான் யாரும் சொல்லாதது. காந்தம் ஒட்டாத பாத்திரம் எதுவும் ஆகாது. அம்மாவின் வெண்கலப் பானை, அலுமினிய இட்லிக் கொப்பரை எல்லாம் வெளியே. கடைக்குப் போகும்போது குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தப் பொம்மை ஒன்றை எடுத்துப் போய் அடியில் ஒட்டிப் பார்த்து வாங்கினோம். குக்கரும் இரண்டு சட்டியும் 3,100. அப்புறம் ஒயரிங். முதல் வாரம் மிக்ஸி பிளக்கில் சொருகி ஓட்டினேன், என் முட்டாள்தனம்தான். பத்தாம் நாள் பிளக் ஓரம் கருகி வாடை அடித்தது. 2,000 வாட் அடுப்பு எட்டு, ஒன்பது ஆம்பியர் இழுக்கும், அதற்கு 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். அண்ணாச்சி தனி ஒயர் இழுத்துக் கொடுத்தார், 1,400. எல்லாம் சேர்த்து 6,900 ரூபாய். வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்கூடச் சேமிக்காத ஒரு சாமானுக்கு.

இந்த அடுப்பு தோற்ற இடம் இன்னொன்று, சொதி. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் சொதிச் சாப்பாடு. வீட்டிலும் மாதம் ஒரு தடவையாவது வைத்தாக வேண்டும். கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றிய பிறகு அது கொதிக்கக் கூடாது, நுரை கட்டி நிற்க வேண்டும். எங்கள் இண்டக்‌ஷனில் தீயைக் குறைத்தால் உண்மையில் குறைவதில்லை. சில நொடி முழு வேகத்தில் எரியும், அப்புறம் மூச்சை நிறுத்தும், மறுபடி எரியும். அந்தச் சில நொடியில் சட்டியின் நடுப்பகுதி கொப்பளித்துவிடும். முதல் தடவையே பால் திரிந்து, மேலே எண்ணெய் தனியாக மிதந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு, “இனி சொதி கேஸ்ல” என்றாள். தோசையும் அப்படியே. கல்லின் நடுவில் கருகும், ஓரம் வெள்ளையாக இருக்கும். சோற்றுக்கும் பருப்புக்கும் பாலுக்கும் மட்டும் நான் இண்டக்‌ஷனுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். அடுக்களை வெக்கை பாதியாகக் குறைந்தது என்று மனைவி சொல்கிறாள். அதற்கு விலை போட எனக்குத் தெரியவில்லை.

சரி, கோடைக்கு என்ன செய்வது? அடுப்பை மூட்டை கட்டி வைக்கலாம் என்று இருந்தேன். பில்லில் இருந்த மீதி யூனிட்டுகளைத் துழாவியபோதுதான் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. மூன்று பழைய ஃபேன், ஒவ்வொன்றும் 75 வாட். நம் ஊர் வெயிலுக்கு ஒரு நாளில் பன்னிரண்டு, பதினைந்து மணி நேரம் ஓடாமல் இருக்குமா? பிஎல்டிசி என்ற புது வகை மோட்டார் வைத்த ஃபேன் அதே காற்றுக்கு 30 வாட் எடுக்கிறது. ஒரு ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் முப்பது, நாற்பது யூனிட் குறையும். ஒன்று 2,800 வீதம் மூன்றையும் ஜூன் கடைசியில் மாற்றினேன். ரிமோட்டை இளையவன் அடிக்கடி ஒளித்து வைப்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை. வெயில் காலத்தில் நூறு யூனிட், மற்றபடி எண்பது என்று மீட்டர் காட்டுகிறது. இண்டக்‌ஷன் தின்னும் 96 யூனிட்டை ஃபேன்கள் கொடுத்துவிடுகின்றன. பணக்கணக்கில் பார்த்தால் ஃபேன்கள் வருடத்துக்கு 2,700 பக்கம் மீதம் பிடிக்கும். போட்ட 8,400 மூன்று வருடத்தில் திரும்பும். அடுப்புக்கு ஏழு வருடம் தாண்டும், அதற்குள் அது உயிரோடு இருக்குமா தெரியாது. காசு மட்டும்தான் குறி என்றால் ஃபேனை மாற்றிவிட்டு அடுப்பை வாங்காமல் இருந்திருக்க வேண்டும். நான் தலைகீழாகச் செய்தேன்.

இன்னொன்று, மீட்டரை நாமே பார்ப்பது. ரீடிங் எடுக்க வருபவர் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். அதற்குள் நாம் 500ஐத் தாண்டியிருப்போம். 500ஐ 60 நாளால் வகுத்தால் ஒரு நாளுக்கு எட்டு யூனிட் சொச்சம். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் ஞாயிறுதோறும் எண்ணை எழுதி, மீட்டர் பெட்டிக்குள் செருகி வைக்கிறேன். ஒரு நாளுக்கு எட்டு என்ற கணக்கை மிஞ்சினால் மறுநாளிலிருந்து காலைச் சமையலும் கேஸுக்குப் போய்விடும். ஆனித் தேரோட்டத்துக்கு அத்தை குடும்பம் நான்கு நாள் வந்து தங்கியபோது அப்படித்தான் செய்தோம். ஏசி ராத்திரி முழுக்க ஓடியது, இண்டக்‌ஷனுக்கு லீவு. ஆகஸ்ட் பில் 1,805க்குள்ளேயே நின்றது. “கரண்டுக்கும் ரேஷன் கார்டு போட்டுட்டானே” என்று அத்தையிடம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழத்தான் செய்தது.

எங்கள் கணக்கை அப்படியே எல்லா வீட்டுக்கும் போட முடியாது. மேலப்பாளையத்தில் இருக்கும் நண்பன் வீட்டில் ஏசி இல்லை, இரண்டே பேர், 110 யூனிட்டைத் தாண்டாது. அவனுக்கு இண்டக்‌ஷன் யூனிட் 2.35இல் ஓடும், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஏழை வீடுகளுக்கான உஜ்வலா கேஸ் இணைப்பு இருந்தால் சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் வரும், ஒரு யூனிட் வேலைக்கான கேஸ் செலவு ஏழு ரூபாயிலிருந்து நாலே முக்காலுக்குள் இறங்கிவிடும். அந்த வீட்டில் 200 யூனிட்டுக்கு மேல் ஓடினால் மெனக்கெடவே தேவையில்லை, கேஸே போதும். எப்படியும் 700, 800 எடுக்கும் இரண்டு ஏசி வீட்டுக்காரர்கள் அடுப்பைப் பற்றி யோசிக்காமல் மொட்டை மாடி சோலாரைப் பற்றி யோசிக்கலாம். மூன்று கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 வரை இருக்கிறது. எங்கள் மாடியில் பாதி இடம் அம்மாவின் வற்றல் காயும் இடம், அந்தப் பேச்சை இன்னும் எடுக்கவில்லை.

மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிற்கும் நாளில் காலை ஒன்பதுக்கு முன்னாலேயே சோறு வடித்தாக வேண்டும், இல்லையென்றால் கேஸ். சிலிண்டரை ஒரேயடியாகத் தலைமுழுகலாம் என்று நினைப்பவர்கள் அந்த நாளையும் நினைத்துக்கொள்வது நல்லது.

இன்று ரீடிங் எடுத்து 41ஆவது நாள். தாளில் 212 என்று எழுதியிருக்கிறேன், ஃபேன் மாற்றியதும் மழையும் சேர்ந்து செய்த வேலை. சித்திரை வரை இண்டக்‌ஷன் தாராளமாக ஓடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். ராத்திரிக்கு இட்லியாம். கொப்பரை அலுமினியம், அது எப்படியும் கேஸில்தான்.