சிப்போர்டு கட்அவுட் தொகுப்பு: விளிம்பைப் பார்த்து வாங்குங்கள்

வீட்டு அலங்காரக் கைவினைக்கென்று விற்கப்படும் சிப்போர்டு கட்அவுட் தொகுப்புகளின் உறைமேல், பொன்னும் துருவும் கலந்த நிறத்தில் மின்னும் ஒரு சுவர்ப்படமோ நகைப்பெட்டியோ அச்சிடப்பட்டிருப்பது வழக்கம். உறையைப் பிரித்தால் கிடைப்பவை சாம்பல் நிறமும் பழுப்பு நிறமுமான வெற்று அட்டை வடிவங்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. வண்ணமும் பளபளப்பும் நம் வேலை. வடிவத்தையும் உயரத்தையும் தருவதுதான் இந்தப் பொருளின் வேலை. ஆகவே இதை மதிப்பிடும்போது உறைப்படத்தையோ வடிவமைப்பின் அழகையோ விட, அட்டை எவ்வளவு இறுக்கமானது, விளிம்பு எப்படி வெட்டப்பட்டிருக்கிறது, ஈரம் பட்டால் அது எப்படி நடந்துகொள்கிறது என்பவற்றையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. நான் இங்கே எடுத்துக்கொண்டிருப்பது, கொடிகள், இலைகள், சாளரச் சட்டங்கள், பற்சக்கரங்கள், சில எழுத்துகள் ஆகியவை அடங்கிய, லேசரால் வெட்டப்பட்ட நடுத்தரத் தொகுப்பு ஒன்றை. இதன் நிறைகுறைகளில் பெரும்பகுதி இவ்வகைத் தொகுப்புகள் அனைத்துக்கும் பொருந்தும்.

சிப்போர்டு என்பது பெரும்பாலும் மறுசுழற்சித் தாள்கூழை அழுத்தித் தயாரிக்கப்படும் கெட்டி அட்டை. கைவினைத் துண்டுகளின் தடிமன் பொதுவாக 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை இருக்கும். கனத்த வரைதாளைவிட உறுதியானது, மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையைவிட மிக இலேசானது என்ற இந்த நடுநிலைதான் அதன் பலம். கேன்வாஸ் மீதோ தாள் மீதோ பல அடுக்குகளாக ஒட்டினாலும் அடித்தளம் பாரத்தால் தொய்வதில்லை. வேண்டாத பகுதியை ரம்பம் இல்லாமல் கூரிய கத்தியாலேயே நறுக்கிவிடலாம். ஆனால் எல்லாச் சிப்போர்டும் ஒரே தரத்தில் வருவதில்லை. ஒரு துண்டின் ஓரத்தை நகத்தால் மெல்ல நெருடிப் பாருங்கள். அடுக்குகள் பிரிந்து பஞ்சுபோல் எழும்பினால், ஈரம் பட்டதும் அந்த ஓரம் உப்பிவிடும். நான் பார்த்த தொகுப்பில் பெரிய துண்டுகள் இந்தச் சோதனையில் நன்றாகவே தேறின; மெல்லிய கொடித் துண்டுகள் வேறு அட்டையில் வெட்டப்பட்டவை போலச் சற்றுத் தளர்வாக இருந்தன.

லேசர் வெட்டு எவ்வளவு நுணுக்கமான வடிவத்தையும் தரும். அச்சு வைத்து அழுத்தி வெட்டும் முறையில் கைகூடாத சரிகைப் பின்னல்கூட இதில் கைகூடும். அதற்கு நாம் கொடுக்கும் விலை, கரி. லேசர் அட்டையை எரித்தே வெட்டுவதால் விளிம்புகள் கரும்பழுப்பாகவும், வெட்டுக்கோட்டை ஒட்டிய மேற்பரப்பு புகை படிந்து மஞ்சளாகவும் இருக்கும். இதைத் துடைக்காமல் வெள்ளை வண்ணம் தீட்டினால் தூரிகை அந்தக் கரியை இழுத்துக்கொண்டு போய்ப் பரப்பெங்கும் அழுக்குச் சாயலை ஏற்றிவிடும். உலர்ந்த கெட்டித் தூரிகையால் தட்டிவிட்டு, 220 அல்லது 320 எண் உப்புத்தாளால் உள்ளிருந்து வெளிநோக்கி மெதுவாகத் தேய்த்தால் போதும். ஈரத் துணியால் துடைக்கலாமே என்று தோன்றும்; அது கரியை அட்டைக்குள் ஊற வைப்பதோடு நிற்காமல் ஓரத்தையும் உப்ப வைக்கும். பழமைச் சாயல் வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கருவிளிம்பு ஒரு வரப்பிரசாதம் என்பதையும் சொல்ல வேண்டும்: வெளிர்நிறப் பின்னணியில் ஒட்டியதும், நிழல் தீட்டியதுபோல ஒவ்வோர் இலையும் தனித்துத் தெரியும்.

உறையில் ‘வண்ணம் தீட்டத் தயார்’ என்று அச்சிட்டிருப்பதோடுதான் எனக்கு உடன்பாடில்லை. தாளின் இழைகள் நீரை உறிஞ்சி விரியும் தன்மையுடையவை. ஒரு பக்கம் மட்டும் அக்ரிலிக் வண்ணம் தீட்டினால் நனைந்த பக்கம் முதலில் விரிகிறது. உலரும்போது வண்ணப் படலம் இறுகி அதே பக்கத்தை உள்ளே இழுக்கிறது. இந்த இழுபறியில் 1 மில்லிமீட்டர் துண்டு வளையாமல் இருந்தால்தான் வியப்பு. இரு பக்கமும் ஜெஸ்ஸோ என்ற அடிப்பூச்சை மெல்லியதாகப் பூசி, உலர்ந்தபின் இரண்டு தாள்களுக்கிடையில் வைத்துக் கனமான புத்தகங்களை அடுக்கிவிட்டால் பெரும்பாலும் சமன்பட்டுவிடும். ஜெஸ்ஸோவில் உள்ள சுண்ணப்பொடியும் வெண்ணிறமியும் அக்ரிலிக் பிணைப்பியும் சேர்ந்து, உறிஞ்சுதலைக் கட்டுப்படுத்துவதோடு அடுத்து வரும் வண்ணம் பற்றிக்கொள்ளச் சற்றே சொரசொரப்பான தளத்தையும் தருகின்றன. தடிப்பாக ஒருமுறை பூசுவதைவிட மெல்லியதாக இருமுறை பூசுவது நல்லது; தடித்த பூச்சு நுண்ணிய துளைகளை அடைத்து, லேசர் தந்த நுணுக்கத்தையே மறைத்துவிடும். உலோகத் தோற்றம் நாடுவோர் கறுப்பு ஜெஸ்ஸோவிலும், அட்டையின் இயல்பு நிறத்தை வைத்துக்கொள்ள விரும்புவோர் நிறமற்ற ஜெஸ்ஸோவிலும் தொடங்கலாம். மலிவான அட்டையில் வெள்ளைப் பூச்சின் ஊடாகப் பழுப்புச் சாயல் கசிந்து மேலே வருவதும் உண்டு. அப்படிக் கண்டால் நிறமி கலக்காத அக்ரிலிக் பூச்சான நிறமற்ற மீடியத்தை ஒருமுறை பூசி உலரவிட்ட பிறகு வெள்ளைக்குப் போவதே வழி. அவசரப்பட்டு, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை ஒரே இடத்தில் பிடிப்பவர்களுக்கு வண்ணத்தில் கொப்புளங்கள் இலவசமாகக் கிடைக்கும்.

இவ்வளவு முன்வேலை தேவையா என்ற கேள்விக்கு, பல பொருள்களைச் சேர்த்துச் செய்யும் அலங்காரத்தில் இந்தத் துண்டுகள் தரும் பயனே பதில். சரிகைத் துணி, பொத்தான், கம்பி, பழைய சாவி, சணல் துணி, சிப்போர்டு பற்சக்கரம் ஆகியவற்றை ஒன்றாக ஒட்டும்போது, ஒவ்வொன்றின் நிறமும் பளபளப்பும் தனித்தனியே கண்ணை இழுக்கும். எல்லாவற்றின் மீதும் ஒரே வெள்ளையையோ கறுப்பையோ பூசிவிட்டால், பொருள்கள் மறைந்து வடிவமும் நிழலும் மட்டும் மிஞ்சும். சிற்பி லூயிஸ் நெவல்சன் 1958-இல் உருவாக்கிய ‘ஸ்கை கதீட்ரல்’ என்ற படைப்பில், மரப்பெட்டிகளில் அடுக்கிய உதிரி மரத்துண்டுகள் அனைத்தையும் ஒரே கறுப்பில் மூழ்கடித்து ஒரு முழுச் சுவராக்கியதும் இந்தத் தத்துவத்தால்தான். அளவில் ஒப்பிட முடியாதென்றாலும், கையகலச் சட்டத்திலும் இதே உத்தி பலிக்கிறது. சிப்போர்டின் கூர்மையான விளிம்பு இங்கே துணி, சணல் முதலிய தளர்வான பொருள்களுக்கு நடுவே ஓர் ஒழுங்கைத் தருகிறது. தொகுப்பில் இருந்த சாளரச் சட்டம் இதற்காகவே வெட்டியதுபோல் பொருந்தியது. அதன் பிறகு நீர்த்த வண்ணத்தைத் தெளித்துப் பள்ளங்களில் தேங்கவிட்டு, மேடுகளில் உலர்தூரிகையால் வெளிர்நிறமும், விரல்நுனியால் பொன்மெழுகும் தேய்த்தால் ஒவ்வோர் அடுக்கும் எழுந்து நிற்கும். ஸ்டென்சில் என்ற துளைத் தகட்டின் வழியாக இட்ட, புடைப்புத் தரும் கெட்டிக் குழம்பான டெக்ஸ்சர் பேஸ்டின் உயரமும் 1 மில்லிமீட்டர் துண்டின் உயரமும் ஏறக்குறைய ஒத்திருப்பதால், எது அட்டை, எது பேஸ்ட் என்று பிரித்தறிய முடியாதபடி ஒன்றிப்போகின்றன. எம்பாசிங் பவுடருக்கும் இந்த அட்டை நன்றாக ஒத்துழைக்கிறது. மை ஒற்றி, பொடி தூவி, வெப்பத்தில் உருக்குவதை இரண்டு மூன்று முறை திரும்பச் செய்தால் எனாமல் பூசிய உலோகத்தின் வழவழப்பு வந்துவிடுகிறது. அடியிலுள்ள வண்ணம் முற்றும் உலர்ந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

பசையைப் பற்றித் தொகுப்பில் ஒரு வரியும் இல்லை. அட்டையைத் தாளிலோ மரத்திலோ ஒட்ட பி.வி.ஏ. என்ற வெள்ளைப் பசை போதும். வண்ணம் தீட்டிய கேன்வாஸுக்குக் கெட்டியான அக்ரிலிக் ஜெல் மீடியம் மேல். வழிந்தாலும் நிறமின்றி உலரும், அதன்மீது வண்ணமும் பிடிக்கும். சூட்டுப் பசைத் துப்பாக்கி வேகமானதுதான், ஆனால் கட்டிகட்டியாக உறைவதால் மெல்லிய துண்டுகளைத் தூக்கி நிறுத்திவிடும். பின்னால் ஹீட் கன் காட்டினால் மீண்டும் இளகும். கேன்வாஸில் ஒட்டும்போது துணியின் பின்புறம் சட்டத்துக்குள் அடங்குமாறு புத்தகங்களையோ பலகையையோ வைத்துத் தாங்கலாக்கிக்கொண்டு மேலே எடை வைக்க வேண்டும். இல்லையெனில் துணி குழிந்து, துண்டின் நடுப்பகுதி ஒட்டாமலே இருக்கும்.

இந்தத் தொகுப்பின் உண்மையான குறை அதன் விகிதம். கண்ணைப் பறிக்கும் சிறு கொடிகளும் சுருள்களும் ஏராளம். படத்துக்கு முதுகெலும்பாக நிற்கக்கூடிய பெரிய வடிவங்கள் குறைவு. கொடிகளில் சில உறைக்குள்ளேயே ஒடிந்திருந்தன, வேறு சில, துண்டுகள் வெட்டப்பட்டு ஒட்டிக்கொண்டிருக்கும் தாய்த்தாளிலிருந்து கையால் பிரிக்கும்போது ஒடிந்தன. இணைப்புப் புள்ளிகளைக் கத்தி நுனியால் அறுத்தெடுப்பதே பாதுகாப்பு. ஒடிந்ததைப் பசை தடவிப் பொருத்தி ஜெஸ்ஸோ பூசினால் தழும்பு தெரியாது என்பது ஓர் ஆறுதல். எழுத்துகள் எண்ணிக்கையில் போதாமல் இருந்ததால், ஒரு பெயரை முழுமையாக எழுத நினைப்பவருக்கு இது உதவாது. அட்டையில் உள்ள அமிலம் காலப்போக்கில் படத்தைக் கெடுக்கும்; அமிலமற்ற அட்டை என்ற குறிப்பு உறையில் இல்லாததால், அரிய புகைப்படத்தின் மேல் இத்துண்டுகளை நேரடியாக ஒட்ட நான் துணியமாட்டேன்.

எங்கே மாட்டுவது என்பதும் யோசிக்க வேண்டியதே. பளபளப்பற்ற அக்ரிலிக் வார்னிஷை விளிம்புகளும் நனையுமாறு பூசினாலும், சிப்போர்டு தாள் இனம்தான். குளியலறையிலும் ஆவி எழும் இடத்திலும் திறந்தவெளியிலும் அது நிலைக்காது. அடிக்கடி கைபடும் தட்டு, கைப்பிடி போன்றவற்றில் முனைகள் மழுங்கிவிடும். சுவர்ப்படம், புகைப்படச் சட்டத்தின் ஓரம், பெட்டி மூடி, நாட்குறிப்பின் மேலட்டை ஆகியவையே இதற்கு உகந்தவை. ஆழமான அடுக்குகளில் தூசி சேருவது உறுதி என்பதால், கண்ணாடி மூடிய ஆழச் சட்டத்துக்குள் வைத்தால் துடைக்கும் வேலை மிச்சம்.

இப்படிப் பல பொருள்களைச் சேர்த்துச் செய்யும் கலப்பு ஊடகக் கலையை இப்போதுதான் தொடங்குபவருக்கு இதைவிட, 2 மில்லிமீட்டர் தடிமனில் பெரிய வடிவங்கள் சிலவே கொண்ட தொகுப்பைப் பரிந்துரைப்பேன். அவை வளைவதும் குறைவு, ஒடிவதும் குறைவு. ஏற்கெனவே ஜெஸ்ஸோவும் பேஸ்டும் கைவசம் வைத்திருப்பவர் இந்த நுணுக்கத் தொகுப்பை வாங்கலாம். அவர்கள் துண்டுகளைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் தாய்த்தாளைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். இரு பக்கமும் வார்னிஷ் பூசி உலரவிட்டால் அது பலமுறை பயன்படும் ஸ்டென்சில் ஆகிவிடும். வழக்கமான பிளாஸ்டிக் ஸ்டென்சிலைவிடத் தடிமன் கூடுதல் என்பதால் புடைப்பும் உயரமாகக் கிடைக்கும். அவ்வளவு உயரத்தில் பேஸ்ட் உலரும்போது வெடிக்கக்கூடும் என்பதால், இரண்டு மெல்லிய அடுக்குகளாக இட்டு, பேஸ்ட் ஈரமாக இருக்கும்போதே தாளை நேராக மேலே தூக்கி எடுத்துவிட்டு, ஒட்டியிருக்கும் பேஸ்டை உடனே வழித்துவிட வேண்டும்.