எடை குறைந்த கிட்டார் எப்போதும் தோளுக்குச் சுகமா? லெஸ் பால், எஸ்ஜி, ஸ்ட்ராட்

கையில் 50,000 ரூபாய் வைத்துக்கொண்டு எலெக்ட்ரிக் கிட்டார் தேடிய மூன்று மாதத்தில் ஒன்று புரிந்தது: எல்லோரும் எத்தனை கிலோ என்றுதான் கேட்கிறோம், அந்தக் கிலோ எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்பதில்லை.

லெஸ் பாலில் தொடங்குவோம். 1952-இல் கிப்சன் கம்பெனி கொண்டுவந்தது, தடித்த மஹோகனி பாடி, மேலே மேப்பிள் பலகை. 4 கிலோ சர்வசாதாரணம், சிலது நாலரையையும் தாண்டும். உட்கார்ந்து வாசிக்கிறவருக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் நின்று இரண்டு மணி நேரம் ஜாமிங் போனால் இடது தோள்பட்டை மறுநாள் பேசும். இத்தனைக்கும் பேலன்ஸில் குறை சொல்ல முடியாது, பாடியின் கனமே நெக்கை, அதாவது விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்தை, தூக்கி நிறுத்திவிடும்.

இதற்கு நேர் எதிர் எஸ்ஜி. லெஸ் பால் விற்பனை படுத்ததால் 1961-இல் அதையே மெல்லிசாக மாற்றிக் கொண்டுவந்தார்கள், எஸ்ஜி என்ற பெயர் பிறகுதான் ஒட்டியது. சுமார் 3 கிலோ. கடையில் மாட்டியதும் "ஆஹா, பஞ்சு மாதிரி இருக்கே" என்றுதான் தோன்றும். சரி, இப்போது இடது கையை எடுத்துப் பாருங்கள். நெக் மெல்ல மெல்லத் தரையைப் பார்த்து இறங்கும். தோள்பட்டையை (ஸ்ட்ராப்) மாட்டும் முன்பக்க பட்டன் பாடியின் மேல் கொம்பில் இல்லாமல் நெக் பாடியோடு சேரும் இடத்தின் பின்னால் இருக்கிறது, பாடியும் லேசு, நெக்கோ வெளியே நீண்டு நிற்கிறது, அப்புறம் எங்கே நிற்கும்? கார்டு பிடிக்க வேண்டிய கை நெக்கைத் தாங்கும் வேலையையும் பார்க்க, தோள் தப்பித்து மணிக்கட்டு மாட்டிக்கொள்ளும். உள்பக்கம் சொரசொரப்பான அகல லெதர் ஸ்ட்ராப் போட்டால் பாதி சரியாகும். வழுக்கும் நைலான் ஸ்ட்ராப் மட்டும் வேண்டாம்.

ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட் 1954-இலேயே இதைத் தீர்த்துவிட்டது என்பேன். மேல் கொம்பு கிட்டத்தட்ட 12-ஆவது ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) வரை நீள்கிறது, பட்டன் அதன் நுனியில். பின்பக்கம் வயிற்றுக்குத் தோதாகச் செதுக்கியிருப்பதால் விலா எலும்பில் குத்தாது. மூன்றரை கிலோவை ஒட்டித்தான் இருக்கும், கையை விட்டாலும் போட்ட இடத்தில் நிற்கும். ஒன்று, இதன் ஸ்கேல், அதாவது கம்பி அதிரும் நீளம், 25.5 அங்குலம், மற்ற இரண்டும் 24.75. அதனால் கம்பி கொஞ்சம் விறைப்பாக இருக்கும், கம்பியை வளைத்துச் சுருதி ஏற்றும் பெண்டிங் பழக விரல் முதலில் முரண்டு பிடிக்கும்.

பட்ஜெட் என்று வந்தால் அசல் கிப்சன் லட்சங்களில் ஓடும், கிப்சனின் மலிவுப் பிராண்டான எபிஃபோன் பக்கம்தான் நம் போக்கு. ஃபெண்டருக்கு அதேபோல ஸ்குயர். ஸ்குயர் எடுத்தால் என் தொகையில் ஒரு சின்ன ஆம்ப் (ஒலிபெருக்கி), ஸ்ட்ராப், கிட்டாரை வாசிக்கத் தோதாகச் சரிசெய்யும் செட்டப் கூலி எல்லாம் அடங்கியது. இன்னொன்றும் கணக்கில் வரும்: லெஸ் பால், எஸ்ஜி இரண்டுக்கும் நெக் நுனியில் கம்பியை முறுக்கும் ஹெட்ஸ்டாக் பின்னோக்கிச் சாய்ந்தது, கீழே விழுந்தால் அங்கேதான் ஒடியும். ஸ்ட்ராட்டில் அது நேராக இருப்பதால் அந்தப் பயம் குறைவு.

கடைக்கு லக்கேஜ் தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசைக் கொண்டுபோனேன், கடைக்காரர் சிரித்தார். ஒரே மாடல் ஸ்குயர் இரண்டைத் தொங்கவிட்டதில், நான் ஆசைப்பட்ட கறுப்பு 3.9 காட்டியது, பக்கத்தில் கிடந்த வெளிர்பச்சை 3.4. பச்சைதான் இப்போது வீட்டில் இருக்கிறது.